உடம்பு முடியாத வாரத்தில் வாசிப்பு: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்கோ படிப்புக்கோ சேலத்துக்கு வந்து அழகாபுரத்திலோ அஸ்தம்பட்டியிலோ ஓர் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், மழைக்காலம் தொடங்கியதும் ஒரு முறையாவது சளிக்காய்ச்சலில் படுத்துவிடுகிறார்கள். ஏற்காட்டுப் பள்ளிகளுக்கும் தோட்டங்களுக்கும் வேலைக்கு வந்தவர்களுக்குப் பனியும் சாரலும் சேர்ந்து அதை இன்னும் சீக்கிரம் கொண்டுவந்துவிடும். வீட்டு மனிதர்கள் பக்கத்தில் இல்லாத அறையில் ஒரு வாரம் படுத்துக் கிடப்பது பெரிய பாடு. புத்தகம் பிடித்தவர்களுக்கு அந்த வாரத்தை நல்லபடியாகக் கடத்த வழி இருக்கிறது. ஆனால் உடம்பு நன்றாக இருக்கும்போது படிக்கிற முறை அப்போது கைகொடுக்காது. எதைப் படிப்பது, எப்போது படிப்பது, எப்படிப் படுத்துக்கொண்டு படிப்பது என்று எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் வாரத்தில் ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படியுங்கள். சேலம் புத்தகத் திருவிழாவில் வாங்கி, பிரிக்காமல் அடுக்கி வைத்திருக்கும் கனத்த நாவலுக்கு இப்போதுதான் நேரம் கிடைத்தது என்று தோன்றும். அதைத் தொடாதீர்கள். காய்ச்சலில் மனம் நான்கைந்து விஷயங்களைச் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளத் திணறும். புதிய நாவலின் முதல் ஐம்பது பக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எத்தனையோ நினைவில் நிற்க வேண்டும். இரண்டு பக்கம் படித்துவிட்டு மூன்றாம் பக்கத்தில் முதல் பக்கத்தைத் தேடுவீர்கள். நல்ல நூலின் மேல் காரணமில்லாத வெறுப்பு வந்துவிடும், பிறகு அதை எடுக்கவே கை போகாது. தெரிந்த கதைக்கு இந்தத் தொல்லை இல்லை. நடுவில் தூங்கிப்போனாலும் கதை உங்களுக்காகக் காத்திருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்ற படபடப்பு இல்லாமல், முதல் முறை வேகத்தில் தாண்டிப்போன ஒரு நல்ல வாக்கியத்தை நின்று பார்க்கலாம். படுக்கையில் கிடப்பவருக்கு வேண்டியது பழகிய குரல் ஒன்றின் துணை.

உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை

காய்ச்சல் வந்த பிறகு அலமாரியைக் கிளறக்கூடாது. பல நாள் திறக்காத புத்தகத்தின் தூசியும் பூஞ்சையும் மூக்கில் ஏறினால் இருக்கிற தும்மல் இரட்டிப்பாகும். ஆகவே நன்றாக இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாறு புத்தகங்களைத் தனியாக எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, கட்டிலுக்குக் கை எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

அந்த ஐந்தாறை எப்படித் தேர்ந்தெடுப்பது? கதை எப்படிப்பட்டது என்பதற்கு முன்னால் புத்தகத்தின் உடம்பைப் பாருங்கள். பல தமிழ்ப் புத்தகங்களின் முன்பக்கங்களில் நூல் விவரம் என்று ஒரு பட்டியல் இருக்கும். அளவு, எழுத்து, தாள், பக்கம் என்று அச்சகக்காரர் எழுதி வைத்திருப்பதை நாம் படிக்காமல் தாண்டிவிடுகிறோம். உடம்பு முடியாதவருக்கு அந்தப் பக்கம்தான் வழிகாட்டி. அளவு டெம்மி என்றிருந்தால் வழக்கமான புத்தகம். கிரவுன் என்றிருந்தால் அதைவிடச் சிறியது, ஒரு கையில் அடங்கும், படுத்துக்கொண்டு படிக்க அதுவே நல்லது. எழுத்து 12 புள்ளிக்குக் குறையாமல் இருந்தால் கண்ணுக்கு இதம். பத்துப் புள்ளியில் நெருக்கி அச்சிட்டது வேண்டாம். பக்கம் இருநூறுக்குள் இருக்கட்டும். பளபளவென்று வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் வழவழப்பான தாளைவிட லேசான மஞ்சள் சாயல் உள்ள தாள் சோர்ந்த கண்ணுக்கு நல்லது. கெட்டி அட்டைப் பதிப்பும் மெல்லட்டைப் பதிப்பும் இரண்டும் இருந்தால் மெல்லட்டையை எடுத்து வையுங்கள்.

இதோடு ஒரு பரீட்சை அட்டை, துணி காயப்போடும் கிளிப் இரண்டு, ஒரு சின்ன நோட்டு, பென்சில் ஆகியவற்றையும் அங்கேயே வையுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். மழைக்காலத்தில் மின்சாரம் போவதுண்டு என்பதால் சார்ஜ் ஏற்றிய ஒரு விளக்கும் இருக்கட்டும்.

நூலக உறுப்பினராகாதவர்கள் இப்போதே ஆகிவிடுங்கள். மதராஸ் மாகாணத்தில் 1948இல் வந்த பொது நூலகச் சட்டம்தான் நாட்டில் பொது நூலகங்களுக்கான முன்னோடிச் சட்டங்களில் ஒன்று. இன்றும் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியையும் நாம் கட்டுகிறோம். அந்த வரியில் ஓடுகிற நூலகத்தை நாம் பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் பெரிய வருத்தம். சேலத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, பேட்டைகளில் கிளை நூலகங்கள் இருக்கின்றன. படுத்திருக்கும்போது நண்பர் ஒருவரிடம் அட்டையைக் கொடுத்து அனுப்பலாம். விடுமுறை நாள் எது என்று முன்கூட்டியே கேட்டுக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் அவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவார். நூலக நண்பர்கள் என்ற அரசுத் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே நூலகப் புத்தகங்களைக் கொண்டுவந்து தருவதும் உண்டு. உங்கள் பகுதியில் அது நடக்கிறதா என்று நூலகரிடம் விசாரியுங்கள். நடமாட முடியாத முதியவர் வீட்டில் இருந்தால் கட்டாயம் விசாரியுங்கள்.

முதல் நாள்: புத்தகத்தைத் தொட வேண்டாம்

உடம்பு வலி, குளிர், தலை பாரம் எல்லாம் ஒன்றாக வருகிற நாளில் படிக்க முயலாதீர்கள். கண்ணை அசைத்தாலே வலிக்கும். எழுத்தைப் பின்தொடர்வது என்றால் கண் விடாமல் அசைந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். அன்று தூக்கமும் தண்ணீரும் காய்ச்சல் அளவைக் குறித்து வைப்பதும்தான் வேலை. தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் காய்ச்சல் என்று கணக்கு. நேரத்தோடு அந்தச் சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால், நேற்று ராத்திரி நல்ல காய்ச்சல் என்று சொல்வதைவிட எண்ணைக் காட்டுவது உதவும்.

காது சும்மா இருக்கிறதே என்றால் கேட்கலாம். வானொலியில் மெல்லிய குரலில் ஒரு பேச்சு, ஓர் ஒலிநூல், எதுவானாலும் ஒலியைக் குறைத்து, அரை மணியில் தானாக நிற்கும்படி வைத்துக்கொண்டு கண்ணை மூடுங்கள். காதில் மாட்டும் கருவி வேண்டாம். சளியில் காது ஏற்கெனவே அடைத்திருக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. “கண்ணு, அந்தக் கதையைக் கொஞ்சம் சத்தமாய் வாசியேன்” என்று கேளுங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை திக்கித் திக்கி வாசிக்கும் கதையின் வேகமும் காய்ச்சல்காரரின் மனவேகமும் நன்றாக ஒத்துப்போகும். பிள்ளை கொஞ்சம் தள்ளி, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரட்டும்.

இரண்டாம், மூன்றாம் நாள்: படிக்கும் நேரத்தைக் கண்டுபிடிப்பது

இந்த இரண்டு நாளில் காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மருத்துவர் சொன்னபடி பாராசிட்டமால் மாத்திரை போட்டால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உடம்பு லேசாகும். அந்தத் தெளிவு சில மணி நேரம் இருக்கும். வாசிப்பு நேரம் என்பது அதற்குள்தான். ஆனால் படிக்க வேண்டும் என்பதற்காக மாத்திரையை முன்கூட்டியே போடாதீர்கள். இரண்டு மாத்திரைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியும் ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற அளவும் மாறவே கூடாது. சளிக்குத் தரும் செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் சிலருக்குத் தூக்கத்தைக் கொண்டுவரும். அதை இரவில் போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள், காலை நேரம் மிஞ்சும்.

இருபது நிமிடம் படித்தால் போதும். இருபது நிமிடத்தில் கண்ணை எடுத்துக் கொஞ்ச நேரம் தொலைவில் பாருங்கள். ஜன்னல் வழியாகச் சேர்வராயன் மலை தெரிகிற பக்கம் வீடு அமைந்தவர்கள் பாக்கியவான்கள். கண்ணங்குறிச்சி, கோரிமேடு பக்கத்து மாடிகளில் அது நிச்சயம் கிடைக்கும்.

இந்த நாட்களுக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வாசிப்பு, பழைய வார இதழ்களிலிருந்து பக்கங்களைக் கிழித்து எடுத்து வீட்டிலேயே பைண்டு செய்து வைத்த தொடர்கதை. தாத்தா பாட்டி காலத்து வீடுகளில் இப்போதும் பரணில் கிடக்கும். அட்டையில் பேனாவால் பெயர் எழுதி, முதுகில் காடாத்துணி ஒட்டி, நடுவில் ஓர் அத்தியாயம் விட்டுப்போய், அதை யாரோ கையால் எழுதிச் சேர்த்திருப்பார்கள். தொடர்கதை எழுதியவர் ஒரு வாரத்துக்கு முன்னால் படித்ததை மறந்துபோன வாசகருக்காக எழுதினார். ஆகவே ஒவ்வோர் அத்தியாயமும் நாலைந்து பக்கத்தில் முடியும். பாத்திரத்தின் பெயரோடு அவர் யார் என்பதும் சேர்ந்து வரும். சில இதழ்களில் மேலே முன்கதைச் சுருக்கமே இருக்கும். ஒரு வார இடைவெளியைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்ட கதை, காய்ச்சல் தூக்கத்தின் இடைவெளியை மிகச் சுலபமாகத் தாங்குகிறது. பக்கத்து ஓரங்களில் துணுக்கு, பழைய சோப்பு விளம்பரம், ஒரு கோட்டோவியம் எல்லாம் இருக்கும். கதை அலுத்தால் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். புத்தகமாக வெளிவந்த அதே கதையில் இவை எதுவும் இருக்காது. இப்படிப்பட்ட தொகுப்பு வீட்டில் இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட விடாதீர்கள். ஒன்றே ஒன்று: அந்தத் தாள் பழுத்து, தூளாக உதிரும். தூசி தட்டும் வேலையை வேறொருவர், வாசலில் வைத்துச் செய்து கொடுக்கட்டும். தும்மல் அதிகமாக உள்ளவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு படிக்கலாம்.

தொடர்கதை கிடைக்காதவர்களுக்குச் சிறார் கதைகள், நாலு பக்கக் கட்டுரைகள், எழுத்தாளர்களின் கடிதங்கள், சமையல் குறிப்புகள்கூட நல்லவைதான். வாய் கசந்து கிடக்கும்போது சமையல் நூல் படிப்பதை யாராவது வினோதமாகப் பார்த்தால் பொருட்படுத்தாதீர்கள். பழைய தீபாவளி மலர் உள்ளடக்கத்தில் அருமையானது, கைக்குக் கனமானது. அதை மடியில் தலையணை மேல் விரித்து வைத்துப் புரட்டுங்கள்.

தவிர்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பேய்க்கதையும் கொலைக்கதையும் காய்ச்சல் இரவில் வேண்டாம். காய்ச்சலில் கனவுகள் ஏற்கெனவே கட்டுக்கடங்காமல் வரும். நோயாளியைப் பற்றிய கதைகளும் அப்படியே. வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று அதட்டும் நூல்களைப் பார்க்க வருகிற நண்பர்கள் அன்போடு கொண்டுவருவார்கள். வாங்கி வைத்துக்கொண்டு, உடம்பு தேறிய பிறகு பார்க்கலாம்.

உடம்பை எப்படி வைத்துக்கொள்வது

மல்லாந்து படுத்து, புத்தகத்தை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் படிப்பது மிக மோசமான முறை. ஐந்தே நிமிடத்தில் தோள் இற்றுப்போகும். ஒருக்களித்துப் படித்தால் ஒரு கண் தலையணையில் புதைந்து மற்றொரு கண்ணே உழைக்கும், மூக்கும் அந்தப் பக்கம் அடைத்துக்கொள்ளும்.

சுவரோடு இரண்டு தலையணையைச் சாய்த்து வைத்து, முதுகைப் பாதி நிமிர்த்திச் சாயுங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு திண்டோ சுருட்டிய போர்வையோ வைத்தால் முதுகு இழுக்காது. மடியில் ஒரு தலையணை, அதன்மேல் பரீட்சை அட்டை, அட்டைமேல் புத்தகம். பக்கம் மூடிக்கொள்ளாமல் இரண்டு பக்கமும் துணிக் கிளிப் போடுங்கள். இப்போது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளலாம், பக்கம் திருப்ப மட்டும் வெளியே எடுத்தால் போதும். ஏற்காட்டுக் குளிரில் இதன் அருமை தெரியும். தலை உயர்ந்திருப்பதால் மூக்கடைப்பும் சற்றுக் குறையும்.

வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின்மேல் விழ வேண்டும். முகத்துக்கு நேரே ஜன்னல் இருந்தால் கண் கூசும். குறைந்த வெளிச்சத்தில் படித்தால் பார்வை போய்விடும் என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். நிரந்தரக் கெடுதல் ஏதுமில்லை, ஆனால் கண் களைக்கும், தலைவலி கூடும், அந்த வாரத்தில் அதுவே போதுமான காரணம்.

செல்போனில் படிப்பவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி, திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். செய்திகள் வந்து விழாதபடி இணைப்பை அணைத்துவிட்டுப் படிப்பது நல்லது. கிண்டில் போன்ற மின்னூல் கருவி இருந்தால் எடை குறைவு, எழுத்து வேண்டிய அளவுக்குப் பெரிதாகும், அந்த வாரத்துக்கு அச்சுப் புத்தகத்தைவிட அதுவே ஒரு படி மேல் என்பேன். இலவசமாகப் படிக்க வேண்டியவை ஏராளம் கிடைக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணையத் தொகுப்பில் பழைய இலக்கியமும் நவீன எழுத்தும் மின்னூல்களாக இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களை யாரும் தடையின்றிப் படிக்கலாம். படமெடுத்துப் போட்ட பக்கங்களைச் சின்னத் திரையில் இழுத்து இழுத்துப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. எழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட்டவற்றையே அந்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் டம்ளர், மடியில் புத்தகம்

சேலத்தில் இருப்பவருக்கு ஜவ்வரிசிக் கஞ்சியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி தயாராகும் ஊர் இது. சுற்று வட்டாரத்து ஆலைகளின் சரக்கைக் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் வழியாக விற்கிறார்கள். ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் விட்டு, மணிகள் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறிக் காய்ச்சி, உப்பும் மோரும் சேர்த்தால் போதும். நீர்க்க இருந்தால் டம்ளரிலேயே குடிக்கலாம். ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் புத்தகமுமாக இருக்க ஏற்ற உணவு இதுதான், கரண்டி வேண்டாம், கையில் ஒட்டாது. ஜவ்வரிசியில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. ஆகவே நாள் முழுக்க அதையே குடிக்காமல் பாசிப்பருப்புக் கஞ்சியோ பாலோ முட்டையோ நடுவில் சேரட்டும்.

சுக்கு மல்லிக் காபி மாலையில் பல தெருமுனைகளில் கிடைக்கும், பிளாஸ்கில் வாங்கிவரச் சொல்லுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு அசல் காபியின் மேல் ஆசை போகும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து காபி விளைகிற மலை அது, ஆசை நியாயமானதே. காலையில் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டால் இரவில் தூக்கம் கெடாது. அதே தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் கொடியேறி விளையும் மிளகை வைத்து ரசம் வைத்துக் குடியுங்கள்.

ஆவி பிடிக்கும்போது புத்தகத்தையும் போனையும் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். கொதிநீர்ப் பாத்திரத்தைக் கட்டிலில் வைக்கவே கூடாது, கவிழ்ந்தால் காய்ச்சலைவிடப் பெரிய துன்பம்.

புத்தகத்தை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

சாதாரண வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் இறங்கும், சளியும் இருமலும் ஒரு வாரம், பத்து நாள் இழுக்கும். மழைக்காலத்தில் டெங்குவையும் மனதில் வையுங்கள். கண்ணுக்குப் பின்னால் கடும் வலி அதன் அடையாளங்களில் ஒன்று. படிக்க முயலும்போதுதான் அது முதலில் தெரியவரும். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற சமயத்தில் வருகிறது. அப்பாடா, காய்ச்சல் விட்டது என்று நிம்மதியாகப் புத்தகத்தை எடுக்கிற அதே நாள் அது. அன்று கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுந்திருக்க முடியாத அசதி இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடக்கூடாது.

கழுத்தை வளைத்துப் பக்கத்தைப் பார்க்க முடியாத அளவு விறைப்பு, வெளிச்சத்தைக் கண்டால் தாங்க முடியாத கூச்சம், மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு இவையும் காத்திருக்கக் கூடாதவை. 108 ஆம்புலன்சுக்கு, 104 மருத்துவ ஆலோசனைக்கு. இரண்டு எண்களையும் புத்தகத்தில் வைக்கும் அடையாளச் சீட்டிலேயே எழுதி வையுங்கள், தனியாக இருப்பவருக்கு அது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு

மலைமேல் இரண்டு பகைவர்கள், ஈரமும் பூஞ்சையும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மழைக்காலத்து மேகம் அறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. சுவரோடு ஒட்டி அடுக்கிய புத்தகத்தின் பின்னட்டையில் வெண்பூச்சு படியும். அந்த வாசனை சிலருக்குப் பிடிக்கும், ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கும் சளி பிடித்தவருக்கும் அது கெடுதல். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள், புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள். ஈரமேறிய புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிற்கவைத்து மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். உச்சிவெயிலில் போட்டால் தாள் முறுகி, அட்டை வளையும். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடுவது வழக்கம், ஆனால் படுக்கைப் பக்கத்து அலமாரியில் வேண்டாம், அதன் நெடி அடைத்த மூக்குக்கும் வலிக்கும் தலைக்கும் ஆகாது. காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ வைக்கலாம்.

மழைக்காலத்தில் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி வெளிச்சம் சட்டென்று மங்கும். ஆகவே அங்கே காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான் வாசிப்பு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கேட்பது, பேசுவது.

மருத்துவத்துக்காகவோ வீட்டுக்குப் போகவோ சேலத்துக்கு இறங்க வேண்டியிருந்தால், பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்காதீர்கள். அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி திரும்புவதை உட்காது உணர்கிறது, பக்கத்தைப் பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. முன்பக்க இருக்கையில் உட்கார்ந்து பாதையைப் பாருங்கள். சேலம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருப்பதால் ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். சளியில் மூக்குக்கும் காதுக்கும் இடையிலுள்ள குழல் வீங்கி அடைத்திருப்பதால் காது வலிக்கும். ஒவ்வொரு வளைவிலும் வெந்நீரை ஒரு மடக்கு விழுங்கினால் அழுத்தம் சமனாகும். பிளாஸ்க் மறக்காதீர்கள்.

நான்காம் நாளிலிருந்து

தலை தெளிந்துவிட்டது, கால்தான் நடுங்குகிறது என்கிற நாட்கள் இவை. வாரத்தின் இனிமையான பகுதி. இப்போது புதிய சிறுகதைகளைத் தொடலாம், ஒரு வேளைக்கு ஒன்று. குறுநாவல் ஒன்றை இரண்டு நாளில் முடிக்கலாம். மாத நாவல்கள் கனமில்லாத தாளில் வருவதால் கைக்கு வாகானவை, எழுத்து பொடியாக இருந்தால் மட்டும் தள்ளி வையுங்கள். பயண நூல்கள் இந்தக் கட்டத்துக்கு மிகப் பொருத்தம். நான்கு சுவரையே பார்த்த கண்ணுக்கு யாரோ ஒருவர் நடந்துபோன ஊர் தெரிவது பெரிய ஆறுதல்.

நிறுத்திய இடத்தை நினைவில் வைக்க ஒரு சின்ன வழி. அடையாளச் சீட்டைப் பக்கத்தில் மட்டும் வைக்காமல், நிறுத்திய பத்தியின் விளிம்பில் பென்சிலால் மெல்லிய புள்ளி இடுங்கள். நோட்டில் ஒரே வரி: “கடிதம் வந்தது, அக்கா இன்னும் படிக்கவில்லை.” மறுநாள் அந்த வரி உங்களைக் கதைக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். நூலகப் புத்தகத்தில் பென்சில் வேண்டாம், நோட்டு மட்டும் போதும்.

பக்கம் திருப்ப விரலில் எச்சில் தொடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த வாரத்திலாவது விட்டுவிடுங்கள்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ நாக்கில் ருசி திரும்பும். தட்டுவடைகளுக்கு நடுவில் பீட்ரூட்டும் சட்னியும் வைத்துத் தரும் தட்டுவடை செட் வாங்கி வரட்டுமா என்று நண்பர் கேட்பார், நீங்களும் சரி என்பீர்கள். அதைச் சாப்பிடும்போது புத்தகம் மூடியே இருக்கட்டும். பீட்ரூட்டும் சட்னியும் தாளில் பட்டால் போகவே போகாது.

அந்தக் கனத்த நாவலை இப்போது எடுக்கலாம். முதல் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். வேலைக்குத் திரும்பியதும் முதல் இரண்டு நாள் அலுப்பாக இருக்கும், அப்போது இரவுக்கு ஓர் அத்தியாயம் என்று தொடர ஏதாவது இருக்க வேண்டும்.

இரவல் புத்தகங்களைத் திருப்பித் தரும் முன்

சளிக்காய்ச்சல் கிருமி எஃகு, பிளாஸ்டிக் பரப்பில் ஒரு நாள், இரண்டு நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். தாளிலும் துணியிலும் அவ்வளவு நேரம் தங்காது, அரை நாளுக்குள் பெரும்பாலும் போய்விடும். ஆகவே நூலகப் புத்தகத்தையும் நண்பரின் புத்தகத்தையும் இரண்டு நாள் காற்றாடத் தனியாக வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் உறையை மட்டும் சோப்புநீர் தொட்ட துணியால் துடையுங்கள், தாளில் எதையும் தெளிக்காதீர்கள். போனையும் மின்னூல் கருவியையும் துடைத்து, தலையணை உறையைத் துவைத்துப் போடுங்கள். மெட்ராஸ் ஐ வந்திருந்தால் கண் முழுக்கத் தேறும்வரை இரவல் புத்தகத்தைத் தொடவே வேண்டாம். தவணை தாண்டப்போகிறது என்றால் நூலகருக்கு ஒரு போன் செய்து உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். திருப்பிக் கொடுக்கப் போகும் நாளில் அடுத்த மழைக்காலத்துக்கான இரண்டு மெல்லிய புத்தகங்களின் பெயரையும் அங்கேயே குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.